அந்த ஊரின் பெயரை மறுபடி கேளுங்கள்

கேள்வி:

"எனக்கு வயது 27. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் ஏற்காடு. அம்மா இன்றைக்கும் காபி எஸ்டேட் வேலைக்குப் போகிறார். போன மாதம் எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்திலிருந்து 14 பேர் பத்து நாள் ஊழியமாக இலங்கை மலையகத்துக்குப் போய்வந்தோம். ஆளுக்கு 62,000 ரூபாய் ஆனது. பாதி என் சேமிப்பு, மீதி சபையார் கொடுத்த காணிக்கை. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, பகலில் வீடு சந்திப்பு, சாயந்திரம் கூட்டம். நான் பெண்களுக்கு பிரஷர் பார்த்தேன். 43 பேர் பெயர் என் நோட்டில் இருக்கிறது. மூன்று பேருக்கு 180-க்கு மேல் இருந்தது, டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னேன்.

கடைசி நாள், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு 'நாளைக்கும் வருவீங்களாக்கா?' என்று கேட்டாள். 'வருவேன்டா' என்று சொல்லிவிட்டேன். மறுநாள் விடியற்காலையில் கொழும்புக்கு வண்டி ஏறிவிட்டோம். அதே கடைசி நாளில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, 'நீ சேலமா? எங்க தாத்தாவும் சேலம் பக்கந்தான்' என்று ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னார். ஏதோ ஒரு பட்டி. பெயரின் முன்பாதி காதில் விழவில்லை, எங்கள் ஸ்பீக்கர் பக்கத்திலேயே பாடிக்கொண்டிருந்தது. 'அந்த ஊரு இன்னும் இருக்கான்னு பாத்துச் சொல்லு' என்றார். சரி பாட்டி என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. தூக்கம் சரியில்லை. ஜவுளிக்கடையில் அம்மாவோடு நின்றபோது காரணமே இல்லாமல் அழுதுவிட்டேன். இரண்டு வாரத்தில் நான் சபையில் சாட்சி சொல்ல வேண்டும். போட்டோக்களைத் திரையில் காட்ட வேண்டுமாம், கை தூக்கி ஏற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டுமாம். என்னால் வாயைத் திறக்க முடியும் என்று தோன்றவில்லை. சபைப் பெரியவர் ஒருவர், 'இது தேவ அழைப்பு, வேலையை விட்டுவிட்டுப் போ' என்கிறார். அம்மா வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் போனது சரியா, தப்பா? நான் என்ன செய்ய?"

பதில்:

அன்புள்ள சகோதரி,

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த நோட்டை எடுங்கள். 180-க்கு மேல் இருந்த மூன்று பேரின் பெயர், வயது, அளவு, தோட்டத்தின் பெயர், பார்த்த தேதி ஆகியவற்றை எழுதி, அங்கே உங்களைத் தோட்டங்களுக்கு அழைத்துப்போன உள்ளூர் உபதேசியாருக்கு இன்றைக்கே அனுப்புங்கள். அந்த மூன்று பெண்களையும் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு யார், என்றைக்குக் கூட்டிப்போவார்கள் என்று கேட்டுப் பதில் வாங்குங்கள். நாள் கூலிக்குப் போகிற பெண்ணுக்கு 'டாக்டரைப் பாருங்கள்' என்றால் ஒரு நாள் கூலி போகும் என்று அர்த்தம். நீங்கள் நர்ஸ், உங்களுக்கு இது தெரியும். மனப்பாரத்தைப் பற்றி எழுதின கடிதத்தில் இந்த ஒரு வரியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

அடுத்து உங்கள் தூக்கம். பத்து நாள் ஒரே மூச்சாக, புது இடத்தில், புது மனிதர்களோடு, நெகிழ்ந்த மனதோடு இருந்துவிட்டு, பதினோராம் நாள் வார்டு டியூட்டிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். வெளிநாட்டில் போய்ச் சேவை செய்துவிட்டுத் திரும்புகிறவர்களிடம் இந்தத் தடுமாற்றம் சகஜம். போன இடத்தில் தடுமாறுவோம் என்று தயாராகப் போகிறோம், வீட்டில் தடுமாறுவோம் என்று யாரும் நினைப்பதில்லை. ஜவுளிக்கடையில் வந்த அழுகை அதுதான். சில வாரங்களில் தானாகக் குறையும். இரண்டு மாதம் கழித்தும் தூக்கமோ சாப்பாடோ கெட்டுக் கிடந்தால், வேலையில் கவனம் பிசகினால், நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இதைப் பலவீனமாகவோ விசுவாசக் குறைவாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி அந்தச் சிறுமி. இதில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். எட்டு வயதில் சேர்வராயன் மலையில் ஒரு விடுதியில் தங்கிப் படித்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து ஒரு வாரம் எங்களோடு இருக்கும். பாட்டு, விளையாட்டு, படம் வரைவது. ஒரு வருஷம் வந்த அக்கா ஒருத்தி, மலைக்குளிரில் நான் நடுங்குவதைப் பார்த்து, ஊதா நூல் உருண்டை ஒன்றும் இரண்டு ஊசியும் கொடுத்துப் பின்னல் சொல்லிக்கொடுத்தாள். போகும்போது என் பெயரை மூன்று தடவை கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு, கடிதம் போடுகிறேன் என்றாள். சேலம் பஸ்ஸில் தபால் பை வரும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வார்டன் அம்மா பெயர் வாசிப்பார். நான் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு முன்வரிசையில் போய் உட்காருவேன். முழுப் பரீட்சை வரைக்கும் உட்கார்ந்தேன். கடிதம் வரவில்லை.

அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பின்னலில் கண்ணி விட்டுப்போய், நான் அந்த ஊதா நூலை முழுக்கப் பிரித்துவிட்டிருந்தேன். அது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, அதனால்தான் எழுதவில்லை என்று நம்பினேன். அந்த வயதில் பிள்ளைகள் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள். பெரியவர்கள் வரவில்லை என்றால், காரணத்தைப் பெரியவர்களிடம் தேட மாட்டார்கள், தங்களிடம்தான் தேடுவார்கள். பிற்பாடு இந்த ஆலோசனைத் தொழிலுக்கு வந்து, விடுதிகளிலும் இல்லங்களிலும் வளர்ந்த பலரோடு பேசியபோது, ஆளுக்கு ஒரு ஊதா நூல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் 'வருவேன்டா' சின்ன விஷயம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் இதைச் சரிசெய்ய முடியும், அதுவும் இப்போதே. உபதேசியார் வழியாக அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஃபோனில் அனுப்பும் குரல் பதிவு போதாது, அவள் கையில் வைத்துக்கொள்ள ஒரு தாள் வேண்டும். 'நான் நாளைக்கு வருவேன் என்று சொன்னேன். அது தப்பு. எனக்கு அன்றைக்கே தெரியும், மறுநாள் ஊருக்குப் போகிறோம் என்று. உன்னை அழவைக்க மனசில்லாமல் அப்படிச் சொல்லிவிட்டேன். நீ ஒன்றும் பண்ணவில்லை.' இவ்வளவுதான். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவள் தாய் தகப்பனுக்கும் தெரிந்து, அவர்கள் முன்னால் வாசிக்கும்படி அனுப்புங்கள். மறுபடி வருவேன் என்று இதில் எழுத வேண்டாம். டிக்கெட் கையில் இருக்கும்போது எழுதிக்கொள்ளலாம்.

பாட்டியிடம் வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே கனமான இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் ஏற்காட்டைப் போலவே இலங்கை மலைகளிலும் முதலில் காபிதான் வந்தது. காபி பழம் பறிக்கிற பருவத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கங்காணிகள் ஆள் திரட்டிக்கொண்டு போனார்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, நம்முடைய சேலம் ஜில்லா என்று பல இடத்து ஆட்கள். கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியாக நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் காலத்தில் பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். 1869-இல் இலைத்துரு நோய் வந்து காபித் தோட்டங்கள் அழிய ஆரம்பித்தன. அந்த இடத்தில் தேயிலை வந்தது. கொழுந்து வருஷம் பூராவும் எடுக்க வேண்டும், அதனால் ஆளும் வருஷம் பூராவும் வேண்டும். குடும்பத்தோடு லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், தங்கிவிட்டார்கள். ஊருக்குத் திரும்புகிற வழி அப்படித்தான் மெல்ல மெல்ல அடைபட்டது.

அப்புறம் 1948-இல் இலங்கை சுதந்திரம் அடைந்த வருஷமே வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலானவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். அண்ணன் இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம் என்று குடும்பங்கள் பிரிந்தன. மீந்திருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 2003-ஆம் வருஷச் சட்டம் வரை ஆனது. 2023-இல், முன்னோர்கள் வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்தார்கள்.

இத்தனையும் அந்தப் பாட்டியின் ஒரு கேள்விக்குள் இருந்தது. பேச்சுக்குக் கேட்டதாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குழு அங்கே பேஸ்ட், பிரஷ், பென்சில், பாட்டு எல்லாம் கொண்டுபோயிருக்கும். அவற்றை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பாட்டி வாய்விட்டுக் கேட்டது ஒரே ஒரு காரியம். அது சேலத்திலிருந்து போன ஓர் ஆளால் மட்டும் முடிகிற காரியம். அதைக் கேட்கவிடாமல் நம் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. உங்களுக்கு வலிப்பது சரியான இடத்தில்தான் வலிக்கிறது.

நாங்கள் போனது சரியா தப்பா என்று கேட்கிறீர்கள். ஒரே சொல்லில் பதில் சொன்னால் அது பொய்யாகிவிடும். சில விஷயங்களைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

14 பேருக்கு 62,000 வீதம் 8,68,000 ரூபாய். 1998-இல் மிட்ச் புயலில் வீடிழந்த ஹோண்டுராஸ் மக்களுக்கு வட அமெரிக்காவிலிருந்து குழுக்கள் போய் வீடு கட்டிக்கொடுத்தன. கர்ட் வெர் பீக் என்ற கிறிஸ்தவ ஆய்வாளர் பிறகு இரண்டு பக்கமும் போய் விசாரித்தார். பயணச் செலவோடு சேர்த்து அந்தக் குழுக்களுக்கு ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 30,000 டாலர் ஆகியிருந்தது. உள்ளூர் ஆட்களை வைத்துக் கட்டினால் 2,000 டாலர். வீட்டில் குடியிருந்தவர்களுக்கு யார் கட்டினார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. போய்வந்தவர்களோ தங்கள் வாழ்க்கையே மாறிவிட்டது என்றார்கள். ஆனால் அவர்கள் காணிக்கை கொடுப்பதிலும் மற்ற பழக்கங்களிலும் பார்த்தால், பெரும்பாலானவர்களிடம் மாற்றம் கொஞ்சம்தான். இதை உங்கள் மனதைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. போய்வந்ததால் மட்டும் ஒருவர் மாறிவிடுவதில்லை. வந்தபிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. அதை நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போன பணத்தைத் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

அப்புறம், சுற்றுலா விசாவில் போய்க் கூட்டம் நடத்தினீர்களா என்று உங்கள் பொறுப்பாளரைக் கேளுங்கள். பல நாடுகள் இதை அனுமதிப்பதில்லை. நம் நாடே வெளிநாட்டவருக்கு மிஷனெரி வேலைக்குத் தனி விசா வைத்திருக்கிறது. ஏதாவது பிரச்சினை வந்தால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், உபதேசியார்தான் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார்.

கை தூக்கினவர்களை எண்ண வேண்டாம். நானும் விசுவாசிதான், மனம் திரும்புதலில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் தூரதேசத்திலிருந்து வந்து, பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்த விருந்தாளி மேடையில் நின்று கேட்டால், கை தூக்குவது நம் ஜனங்களின் மரியாதை. எது மரியாதை, எது மனம் என்று பத்து நாளில் பிரிக்க முடியாது. அந்த மலைகளுக்குச் சுவிசேஷம் உங்கள் வண்டியில் வரவும் இல்லை. 1854-இலேயே ஆங்கிலிகன் மிஷன் அங்கே தோட்டத் தமிழர்களுக்கென்று ஊழியம் ஆரம்பித்துவிட்டது. நீங்கள் உட்கார்ந்து பாடின சபைகள் சிலவற்றின் வயது உங்கள் கொள்ளுப்பாட்டியின் வயதைவிட அதிகமாக இருக்கலாம்.

சாட்சிக்கு வருவோம். சொல்லுங்கள், மறுக்க வேண்டாம். ஆனால் கொடுத்த கணக்கை விட்டுவிட்டு, வாங்கின கணக்கைச் சொல்லுங்கள். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபது பேரை அனுப்புகிறார். பணப்பை வேண்டாம், சாமான் பை வேண்டாம், எந்த வீட்டில் ஏற்றுக்கொள்கிறார்களோ அங்கே தங்கி, முன்னால் வைப்பதைச் சாப்பிடுங்கள் என்கிறார். கையை வீசிக்கொண்டு போய் இன்னொருவர் வீட்டுச் சோற்றை நம்பி இருக்கும்படி அனுப்புகிறார். அந்தப் பத்து நாளும் உங்களுக்கு யார் சமைத்தார்கள்? எத்தனை மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு மலைக்குப் போனார்கள்? கோழி அடித்தார்களா? படுக்க இடம் கொடுத்துவிட்டு அவர்கள் எங்கே படுத்தார்கள்? நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடி, 2021-இல்தான் அதைப் பெற்ற ஜனங்கள் அவர்கள். அந்த 1,000-மும் இலங்கை ரூபாய். அதற்கு அடுத்த வருஷமே நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தது. அந்தச் சம்பளத்தில் உங்கள் தட்டில் என்ன விழுந்தது என்பதைச் சபைக்குச் சொல்லுங்கள்.

திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா, 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். நிறைந்த சபையில், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் முன்னால், நீங்கள் எங்கள் ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அன்பைப் பற்றிச் சொல்லும் 1 கொரிந்தியர் 13-ஐ மனதில் வைத்துப் பேசின பேச்சு அது. அப்போது கேட்கிற இடத்தில் நாம் இருந்தோம். 1827-இல் லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்ததிலிருந்து நாம் வாங்கிக்கொண்ட பக்கம்தான். இன்றைக்கு விமானச் சீட்டு வாங்குகிற வசதி நமக்கு வந்திருக்கிறது. அந்தத் தமிழ்ப் பெரியவர் கேட்டதை இப்போது நம்மிடம் ஒரு பாட்டி கேட்கிறார். உங்கள் ஆயருக்கு இந்தப் பேச்சு தெரிந்திருக்கும். அவரிடம் முன்கூட்டியே போய், எண்ணிக்கை சொல்ல மாட்டேன், பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைத் திரையில் போட மாட்டேன், அவர்கள் பெற்றோரிடம் நாம் கேட்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். சபையில் எழுந்து நின்று சங்கடப்படுத்துவதைவிட அது நல்லது. உங்கள் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் ஏற்கெனவே போட்டிருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

வேலையை இப்போது விடாதீர்கள். அழைப்பு உண்மையானால் ஆறு மாதத்தில் காணாமல் போகாது. நர்ஸாகவே போக நினைத்தாலும், இங்கே வாங்கின பதிவை வைத்துக்கொண்டு அங்கே ஊசி போட முடியாது. அந்த நாட்டு விதி என்ன, எந்த மருத்துவமனைக்கு ஆள் தேவை, அங்கே படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிற பெண்களின் இடத்தை நாம் எடுத்துவிடுவோமா என்றெல்லாம் விசாரிக்க நாள் வேண்டும். 'போ' என்று சொன்ன பெரியவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: நான் போனால் என் செலவை எத்தனை வருஷத்துக்குச் சபை ஏற்கும்? அவர் பதிலிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

அம்மா வரன் பார்ப்பதை அழைப்புக்கு எதிரியாக நினைக்காதீர்கள். மகள் அழுவதற்குக் காரணம் தெரியாத தாய், தனக்குத் தெரிந்த வழியில் உங்களுக்குக் காவல் தேடுகிறார். ஒரு லீவு நாளில் ஏற்காட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அட்டனில் பார்த்த பெண்கள் கூடையைத் தலையில் எப்படி மாட்டியிருந்தார்கள், மழையில் எதைப் போர்த்திக்கொண்டு கொழுந்து எடுத்தார்கள், சாயந்திரம் நிறுவைக்கு எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று சொல்லுங்கள். காபி பழம் பறித்துக் காய்த்துப்போன கை அவருடையது. உங்கள் குழுவில் இருந்த 14 பேருக்கும் புரியாதது அவருக்குச் சட்டென்று புரியும். பாட்டியின் கதையை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

அந்த ஊரைத் தேடுவது பற்றிக் கடைசியாக. அவர் சொன்ன 'சேலம்' இன்றைய சேலம் மாவட்டமாக இருக்க வேண்டியதில்லை. தருமபுரி பிரிந்தது 1965-இல், நாமக்கல் 1997-இல், கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004-இல். அவர் தாத்தா காலத்தில் இவை எல்லாமே சேலம் ஜில்லாதான். ஓசூரிலிருந்து நாமக்கல் வரை எங்கேயும் இருக்கலாம். பட்டி என்று முடிகிற ஊரும் ஆயிரம் இருக்கும். அதனால் பாட்டியை ஃபோனில் கூப்பிட்டு, பெயரை நிதானமாக இரண்டு தடவை சொல்லச் சொல்லுங்கள். குலதெய்வம் எது, பக்கத்தில் ஆறோ மலையோ உண்டா, எந்தச் சந்தைக்குப் போவார்கள் என்று தாத்தா ஏதாவது சொன்னாரா, பழைய பாஸ்போர்ட், துண்டு என்று சொல்லும் தோட்டத்துச் சீட்டு, கங்காணி பெயர் எழுதின தாள் ஏதாவது பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். ஊர் இருக்கிறதா என்றுதான் அவர் கேட்டார், அதற்கு மட்டும் பதில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். ஆனால் சொல்லுங்கள்.

ஃபோன் பேசும்போது பின்னால் பாட்டு எதுவும் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் முழுசாகக் கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஆத்தூர், ராசிபுரம் பக்கமாக இருந்தால் என் தம்பிகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.